சோற்றுக் கை

போன மாதம் ஆஸ்பத்திரியில் உங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு வந்திருந்தேன், பிள்ளைகளே. வெளிச்சமான அறை, கலர் கலராகப் பந்துகள், சுவரில் யானைப் படம். எங்கள் காலத்து அறையை நினைத்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரு மூலையில் சின்னப் பெண் ஒருத்தி காலில் மாட்டிய சப்பாத்து வாரைப் பூட்டப் போராடிக்கொண்டிருந்தாள். நாக்கை வெளியே நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு கவனம். பக்கத்தில் நின்ற உங்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்தார், சட்டென்று வாரைப் பூட்டிவிட்டு "நல்ல பிள்ளை" என்று கன்னத்தைத் தட்டினார். யாரென்று சொல்லமாட்டேன். வாசிக்கும்போது அவருக்கே காது சூடாகும், அது போதும்.

அந்த இடத்திலேயே இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். என்னிடம் வேலை பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், என் வாயைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். இப்போது வயதாகிவிட்டது. கோபம் வருவதற்குள் முழங்கால் வலி வந்துவிடுகிறது. அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயிற்சி முறைகளைப் பற்றி எழுதப்போவதில்லை, அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்லப்போகிறேன்.

நான் மாத்தளையில் வேலை பார்த்தது அறுபதுகளில். அப்பா யாழ்ப்பாணத்தார், ரயில்வே உத்தியோகம். மாற்றலாகி வந்தவர் மாத்தளையிலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். நான் கொழும்பில் படித்து, பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரோடு ஊருக்கே திரும்பி வந்தபோது, அது என்ன வேலை என்று அம்மாவுக்கே விளங்கவில்லை. "கை கால் பிடித்துவிடுகிற உத்தியோகம், ஆனால் அரசாங்கச் சம்பளம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் வேலையில் இறங்கிய பிறகு, அம்மா சொன்னது அவ்வளவு பிழையில்லை என்று பட்டது.

அப்போதெல்லாம் எங்களிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இளம்பிள்ளை வாதம் வந்தவர்கள். காய்ச்சல் வந்து இறங்கும், இறங்கும்போது ஒரு காலையோ கையையோ எடுத்துக்கொண்டு போய்விடும். லக்கல மலைப் பக்கத்துத் தகப்பன்மார் பஸ்ஸை நம்பி வர முடியாது என்று முதல் நாளே புறப்பட்டு வந்து, பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி விறாந்தையில் படுத்திருப்பார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மிஸ், நடக்குமா?" சாப்பிடுமா, கழுவிக்கொள்ளுமா, சட்டை போட்டுக்கொள்ளுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதெல்லாம் வீட்டில் யாராவது செய்துவிடுவார்கள் என்பது நினைப்பு. அந்த 'யாராவது' எப்போதும் ஒரு பெண்தான், அநேகமாகத் தாய்தான். அந்தத் தாய்க்கும் ஒரு நாள் முடியாமல் போகும் என்பதை ஒருத்தரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

நஸீராவின் உம்மா பேசினார்.

நஸீராவுக்கு அப்போது ஆறு வயது. வாப்பா மாத்தளை டவுனில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர், வீடு நாலந்தாவுக்குப் போகும் பாதையில் ஒரு முஸ்லிம் கிராமத்தில். பிள்ளையின் கால்கள் தப்பிவிட்டன, ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவாள். வலது தோள்தான் முற்றாக விழுந்துவிட்டது. முழங்கையில் கொஞ்சம் பலம் இருந்தது, விரல்கள் நன்றாகவே இருந்தன. அதாவது சோற்றைப் பிசைவாள், உருட்டுவாள், ஆனால் வாய்வரை கொண்டுபோக மாட்டாள். யாராவது முழங்கையைத் தாங்கிப் பிடித்தால் கை மேலே வரும். விட்டால் தொப்பென்று மடியில் விழும். இடது கை மட்டும் படு கெட்டி. அந்தக் கையால் பம்பரம் விடுவாள், தம் பிடித்து மரத்தில் தொங்குவாள், ஒருமுறை என் கண்ணாடியையும் பறித்துப் போட்டுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் வேலை மளமளவென்று நடந்தது. சட்டை போடும்போது சோர்ந்த கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியில் வெளியே வர வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த அன்றே பிடித்துக்கொண்டாள். முகம் கழுவுவது, பல் விளக்குவது, கக்கூசுக்குப் போய்ச் சுத்தம் செய்துகொள்வது எல்லாம் இடது கையாலேயே வந்துவிட்டது. சாப்பாடு மட்டும் வரவில்லை. உம்மாதான் ஊட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியை கொழும்பிலிருந்து அவ்வப்போது எங்கள் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போவார். கண்டிப்பானவர், ஆனால் பிள்ளைகளைத் தொடும்போது அந்தக் கையில் அவ்வளவு மென்மை இருக்கும். நஸீராவைப் பார்த்துவிட்டு, "இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நல்ல கை இருக்கிறது. கரண்டியைக் கொடுத்துப் பழக்கு. கொஞ்ச நாளில் தானே சாப்பிடுவாள்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. உங்களிடம் அப்படி ஒரு பிள்ளை வந்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

நானும் அப்படியே கரண்டியை இடக்கையில் கொடுத்தேன். ஒரு கிண்ணம் பப்பாசிப்பழம், கண்மூடித் திறப்பதற்குள் காலி. நான் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். உம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. மெல்ல வந்து பிள்ளையின் கையிலிருந்து கரண்டியை வாங்கி மேசையில் வைத்தார்.

"மிஸ் கோவிக்க வாணாம். அது கழுவுற கை."

"தெரியும். எங்கள் வீட்டிலும் அந்தக் கையால் சாப்பிட்டால் அப்பா எழுந்து போய்விடுவார். ஆனால் பிள்ளைக்கு இருப்பது ஒரு கைதானே அம்மா? மார்க்கத்தில் இதற்கு இடம் இருக்குமே?"

"ஈக்கி மிஸ். வாப்பா போய் பள்ளிவாசல் லெப்பைட்ட கேட்டார். ஏலாத புள்ளைக்கி குத்தமில்ல எண்டு சொல்லீட்டார்." கொஞ்சம் சிரித்தார். "அல்லாஹ் மன்னிப்பான். மாமிமார் மன்னிக்க மாட்டாங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பு நிலைக்கவில்லை. நஸீராவை விறாந்தைக்கு விளையாட அனுப்பிவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். நடந்து வந்த களைப்பில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவருக்கு இருதய வருத்தம் என்று எனக்குத் தெரியும், எவ்வளவு முற்றியது என்று தெரியாது.

"கலியாணம், கத்தம் ஓதுற விருந்து எண்டா எங்கட ஆக்கள் ஸஹன்லதான் சாப்புடுவாங்க மிஸ். ஒரு பெரிய தட்டுல சோத்த வெச்சி, சுத்தி ஒக்காந்து, எல்லாருட கையும் அதுக்குள்ள. அதுல இவ அந்தக் கைய வெச்சா ஒருத்தரும் ஏச மாட்டாங்க. மெதுவா தள்ளி ஒக்காருவாங்க. பொறகு தனிப் பீங்கான் குடுப்பாங்க. பொறகு தனி எடம். குமரானா யாரு வந்து கேப்பாங்க?"

"நீங்கள் இருக்கிறீர்களே, பார்த்துக்கொள்ள…"

"அதுதானே மிஸ் கதை. டாக்டர் இவட வாப்பாட்டதான் சொன்னார், எனக்கி சொல்லல. ஆனா அந்த மனிசன் என்னைப் பாக்கிற பார்வையில எனக்கி விளங்காதா? எனக்கி ஹயாத்து மிச்சம் இல்ல. நான் மௌத்தான பொறகு எண்ட புள்ள ஒரு வாய் சோத்துக்கு யாருட மொகத்தையும் பாத்துக்கிட்டு இரிக்கப்படாது. சோத்துக் கையால, அவளே, எல்லாரோடயும் ஒக்காந்து தின்னணும். அத மட்டும் செஞ்சி தாங்க."

அழவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். 

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். இடது கை என்றால் நாளைக்கே பிள்ளை சாப்பிடும். ஆனால் அந்த வீட்டுப் பாயில், அந்த ஊர்ப் பந்தியில் அந்தக் கைக்கு இடமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வலது கை என்றால் மாதக் கணக்காகும். வருமா வராதா என்பதற்கும் உத்தரவாதமில்லை, தாய்க்கோ எவ்வளவு நாள் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வலது கையும் வராமல், இடது கையும் பழகாமல், உம்மாவும் இல்லாமல் பிள்ளை நடுவில் நின்றால் அந்தப் பாவம் யாருடையது?

ஆசிரியை அடுத்த முறை வந்தபோது, வலது கையைத்தான் பழக்குகிறேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது நல்ல சகுனமல்ல.

"நேரம் இருக்கிறதா?"

"தெரியாது மிஸ்."

"தெரியாததை வைத்துக்கொண்டா முடிவெடுத்தாய்?"

"தெரிந்தால் முடிவெடுக்க நான் எதற்கு மிஸ்? யாரும் எடுக்கலாமே."

வாய்த் துடுக்குத்தான். அறையில் இருந்த தாதி வெளியே நழுவிவிட்டாள். ஆசிரியை கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "அந்த வீட்டைப் போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டைப் பார்க்காமல் சாப்பாடு பழக்க முடியாது. போய்ப் பார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். ஏச்சு அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னதுதான் என்னைக் காப்பாற்றியது.

ஆஸ்பத்திரி மேசையில் முழங்கைக்கு அடியில் மணல் மூட்டை வைத்தால் நஸீரா ஓரளவு சாப்பிட்டாள். வீட்டில் மேசை இல்லை. சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். பாய் விரித்திருந்தார்கள். நான் முழங்கைக்கு முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று அந்த வீட்டைக் கிண்டிக் கிளறினேன். தலையணை வைத்தேன், அமிழ்ந்தது. அரிசி அளக்கும் கொத்தைக் கவிழ்த்து வைத்தேன், உயரம் போதவில்லை. பலகைப் பெட்டி வைத்தேன், பிள்ளை பின்னால் மறைந்தேபோனாள். அதுவுமில்லாமல், பந்திக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டா போவாள்?

நஸீராவின் மாமி கதவோரத்தில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பாவின் மூத்த சகோதரி அவர். இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர், பிள்ளையில்லை, தம்பியின் வீடுதான் அவர் வீடு. உம்மாவுக்கு ஏலாத நேரங்களில் நஸீராவுக்கு ஊட்டுவது அவர்தான். ஊட்டும்போது அந்தக் கடுகடுத்த முகம் இளகிவிடும்.

"என்னத்துக்கு மிஸ் இந்தப் பாடு? நான் உசிரோட ஈக்கியேன், ஊட்டமாட்டேனா?" என்றார்.

அப்போது என் கண் வேறோரிடத்தில் இருந்தது. வாப்பா கடையிலிருந்து வந்து, உள்பக்கம் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது காலை மடித்து, வலது முழங்காலை நெஞ்சுப் பக்கம் மேலே நிமிர்த்தி வைத்து, அதன் மேல் கையைச் சாய்த்துக்கொண்டு. அவர்களில் பலர் அப்படித்தான் உட்காருவார்கள், அதுவே நல்ல முறை என்பார்கள். நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. சாரத்தை இழுத்து மூடிக்கொண்டு, "மிஸ் என்னத்த பாக்கிறாங்க?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"உங்கள் முழங்காலை!" என்றேன். உம்மாவுக்கு மூச்சுத் திணறுமளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

நஸீராவை அதே மாதிரி உட்காரவைத்து, வலது முழங்காலை நிமிர்த்தி, முழங்கையை அதன் மேல் வைத்தேன். தோள் செய்ய வேண்டிய வேலையைக் கால் எடுத்துக்கொண்டது. தலையைக் கொஞ்சம் குனிந்தால் கை வாய்க்கு வந்துவிடும். அது எந்த வீட்டுப் பாய்க்கும், எந்தப் பந்திக்கும் பொருந்தும், ஒரு சாமானும் வேண்டாம்.

வழி தெரிந்துவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சோறு முழுக்கப் பாயில் சிந்தியது. கை பாதி வழியில் விழுந்தது. பசியில் அழுதாள், சோற்றுப் பீங்கானை இடது கையால் தள்ளிவிட்டாள், என்னைக் கண்டாலே உம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஊட்டுகிறவர்கள் சுற்றிலும் இருக்கும்போது எந்தப் பிள்ளைதான் பாடுபடும்? அதனால் ஒரு கட்டுப்பாடு சொன்னேன். பகல் சாப்பாட்டில் முதல் பங்கு அவளே சாப்பிட வேண்டும். அது முடியும்வரை ஒருவரும் கை நீட்டக்கூடாது. உம்மா சம்மதித்தார். மாமி பாத்திரம் கழுவுவதாகக் குசினிக்குள் எழுந்து போனார், அவருக்கு இதில் சம்மதமில்லை என்று எனக்கு விளங்கியது.

இனி, நான் மறக்காத அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். நான் போன நேரம் உம்மா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார், படுத்தால் மூச்சு முட்டும் கட்டம் வந்துவிட்டது. கட்டிலை ஒட்டிக் கீழே பாயில் நஸீரா பீங்கானோடு இருந்தாள். இரண்டு முறை கை விழுந்துவிட்டது, கன்னமெல்லாம் பருப்பு, கண்ணீர். அந்த நேரம் பார்த்து உம்மாவுக்கு இருமல் பிடித்தது. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. வாப்பா டாக்டரைக் கூட்டிவர வெளியே ஓடினார். நான் உம்மாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முதுகைத் தாங்கினேன். பிள்ளை பயந்து வீரிட்டாள்.

மாமியால் தாங்க முடியவில்லை. ஓடிவந்து பாயில் உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டிப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனார். "அழாத மகள், மாமி தாரன், வாயத் தொற."

நான் ஒரு கையால் உம்மாவைத் தாங்கியபடியே மறு கையை நீட்டி மாமியின் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. "உம்மா சாகக் கெடக்கா. புள்ள பசியில கத்துது. நீங்க கைய புடிக்கிறீங்க. மிஸ், நீங்க ஒரு புள்ள பெத்தீக்கிறீங்களா?"

நான் கலியாணமே செய்துகொள்ளாதவள். அது அவருக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்டார். சுருக்கென்று தைத்தது. கையை எடுத்துவிடலாம் என்று தோன்றியது, ஒரு வாய்தானே, இந்த நேரத்தில் யார் என்னைக் குறை சொல்லப்போகிறார்கள்? ஆனால் இந்த நேரத்தில் ஊட்டினால், பயம் வந்தால் அழுது வாயைத் திறக்க வேண்டியது என்றுதான் பிள்ளை படிக்கும். இனி அவளுக்கு வரப்போவதெல்லாம் இப்படிப்பட்ட நேரங்கள்தான். நான் கையை எடுக்கவில்லை.

"மதினி." உம்மாவின் குரல் மூச்சுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. "விடுங்க… மதினி. அவ… தின்னுவா."

மாமியின் கை தளர்ந்தது. கவளம் பீங்கானில் விழுந்தது. நஸீரா விக்கிக்கொண்டே உம்மாவைப் பார்த்தாள். உம்மா தன் வலது முழங்காலை, வீங்கிப்போன அந்தக் காலை, போர்வைக்குள் மெல்ல நிமிர்த்தினார். பிள்ளை அதைப் பார்த்துத் தன் முழங்காலை நிமிர்த்தினாள். முழங்கையை ஏற்றினாள். விழுந்தது. இடது கையால் எடுத்து மறுபடி ஏற்றினாள். மாமி உருட்டிய அந்தக் கவளத்தையே எடுத்து, குனிந்து, வாயில் போட்டுக்கொண்டாள். விழுங்கிவிட்டு, யாரும் சொல்லாமலே அடுத்ததைப் பிசைய ஆரம்பித்தாள். உம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வந்து ஊசி போடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமி எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அவர் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு எழுந்து போய், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போல் இருந்தது, ஆனால் உம்மாவை விட்டு நகர முடியாத நிலை. பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

உம்மா அந்த முறை தப்பிவிட்டார். அதன் பின் சில மாதங்கள் இருந்தார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, நஸீராவும் அப்படித்தான் நகர்ந்தாள். சிந்துவது குறைந்தது. மீன் முள் எடுக்கப் பழகினாள். இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கவும் படித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கலியாணத்தில், பெண்களுக்குப் போட்ட ஸஹனில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிட்டாளாம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அதைச் சொல்லத்தான் அன்று உம்மா அந்த உடம்போடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தார். "யாரும் பாக்கல மிஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நம் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் மௌத்தாகிவிட்டார். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தது ஜனாஸா அடக்கம் முடிந்த பிறகுதான். அந்த வாரக் கடைசியில் போனேன்.

வீட்டில் வந்தவர்கள் போனபின் உள்ள வெறுமை. வாப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், என்னைக் கண்டதும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்.  உள்ளே எட்டிப் பார்த்தேன். பாயில் மாமி. அவர் மடியோடு ஒட்டி நஸீரா. மாமி சோற்றைப் பிசைந்து பிசைந்து ஊட்டிக்கொண்டிருக்கிறார், நஸீரா குஞ்சு மாதிரி வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வலது கை மடியில் சும்மா கிடக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், துக்க வீடு என்பதுகூட மறந்துவிட்டது. அந்தத் தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்து பழக்கியதெல்லாம், மண்ணுக்குள் போய் ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் போய்விட்டதே என்று இருந்தது. வாசற்படியில் கால் வைத்து, வாயைத் திறந்தும்விட்டேன்.

நஸீரா என்னைப் பார்த்தாள். இடது கையின் சுட்டுவிரலை எடுத்து வாயில் வைத்தாள், பேசாதீங்க என்று. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த வாய்க்குத் திறந்தாள்.

என் வாழ்நாளில் ஒரு ஆறு வயதுப் பிள்ளை சொல்லி நான் வாயை மூடியது அன்றைக்குத்தான். நின்றேன். நின்று பார்த்தபோதுதான் மாமியின் முகம் தெரிந்தது. அழுது அழுது கண் இடுங்கிப்போயிருந்தது. கவளம் உருட்டும்போது மட்டும் அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்து வந்து போனது. அவரும் உம்மாவும் ஒரே அடுப்பில் எத்தனையோ வருடம் சமைத்தவர்கள், அதை நான் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லை.

சாப்பாடு முடிந்தது. நஸீரா வாய் கழுவக் கிணற்றடிக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். வாளியிலிருந்து ஒரு சிரட்டை தண்ணீர் அவளே எடுத்தாள், அவளே கழுவினாள், சட்டை நுனியில் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் மகள், உனக்கு நீயாகவே சாப்பிடத் தெரியுமே?" என்று கேட்டேன். குரலில் அதட்டல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

"தெரியும் மிஸ்." வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாமி அழுதுக்கிட்டே ஈக்கிறாங்க. எனக்கி ஊட்டுற நேரம் மட்டும்தான் அழமாட்டாங்க. ராவைக்கி வாப்பாவோட நானே தின்னுறன்."

 இவ்வளவு நாளும் நான் இந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன், இவள் எங்கே போய் நிற்கிறாள் என்று திகைத்துவிட்டேன். தொழில்காரி புத்தி, கடைசியில் தொழில் கேள்விதான் வாயில் வந்தது.

"சரி. எவ்வளவு நாளைக்கு?"

நஸீரா சிரட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, நாம் பெற்றோருக்குச் சொல்வோமே, அதே நிதானத்தோடு சொன்னாள்:

"மாமிக்கி சொகமாகும் மட்டும் மிஸ்."

நான் தலையை ஆட்டிவிட்டு, மாமியிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று சொல்லாமல் விட்ட வார்த்தை அப்போதும் வரவில்லை, இருவரும் சேர்ந்து அழுதோம்.